செல்வதுரை அண்ணாச்சியின் பல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தூத்துக்குடி பேக்கரி ஒன்றில் மக்ரூன் வாங்க வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற இருவர் பேசியதை ஒட்டுக்கேட்டேன். அவர்கள் முறை வந்துவிட்டது. முடிவு எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இது பாதி களவு, பாதி கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘முத்துநகரின் நீலக்கடல் அன்று…’

(வேண்டாம். கதை நடப்பது கடைக்குள். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது. முத்து வியாபாரம்தான் நிற்கவில்லை.)

2

முத்துக்கடை செல்வதுரை முத்தைப் பல்லில் தேய்த்துப் பார்ப்பார். நறநறத்தால் நல்ல முத்து, வழுக்கினால் போலி. அவர் சொன்னால் சுற்றுவட்டாரமே ஒப்புக்கொள்ளும்.*

அன்று அவர் கடையில் ஒரு பஞ்சாயத்து. எதிரே இரண்டு சம்பந்திகள், நடுவே ஒரு ஜோடி முத்துக்கம்மல். அதைப் போட்டு மகள் சரண்யாதேவியைக் கட்டிக்கொடுத்தவள் செண்பகம். போலியைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிய மாமியார் இசக்கித்தாய். பெண் வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

“உங்க கடையிலதான அண்ணாச்சி வாங்குனேன்? பல்லுல வச்சு ஒரு வார்த்த சொல்லிருங்க. எம் மவ வாழ்க்கையே இதுலதான் இருக்கு” என்றாள் செண்பகம்.

“அண்ணாச்சி நல்ல முத்துன்னு சொன்னா இப்பவே கூட்டிட்டுப் போறேன்” என்றாள் இசக்கித்தாய்.

செல்வதுரை வாயில் இருந்தது பல் செட். கட்டி இரண்டு வருடமாகிறது. அதில் எதைத் தேய்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல், தேய்ப்பதுபோல் தேய்த்து, குத்துமதிப்பாகச் சொல்லி வந்தார். இந்தக் கம்மலும் அப்படி விற்றதுதான்.

வரிசையில் நான் கேட்டது இவ்வளவே.

* பல்லில் படுவது தேய்த்தவருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் நம்பத்தான் வேண்டும். நமக்குத் தெரியும் என்று நாம் அடித்துச் சொல்வதில் முக்கால்வாசி இன்னொருவர் பல்.

3

‘“நல்ல முத்துதான் தாயி, நான் சொன்னாச்…”’

அந்த வரியை அடித்துவிட்டேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பார்? ‘போலி’ என்று சொல்லவைத்தேன். அதுவும் அவருக்குத் தெரியாததுதானே? பழி மட்டும் அந்தப் பெண் தலையில் விடியும். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் எழுத உட்கார்ந்தபோது அவரே ஒரு வழி செய்தார். செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எனக்குத் தெரியாது தாயி. விக்கும்போதும் தெரியாது.” பொக்கைவாய் குழறியது. “நீயே தேய்ச்சுப் பாத்துச் சொல்லு.”

கம்மலை இசக்கித்தாயிடம்தான் நீட்டினார். குற்றம் சொன்னவள் சொன்னால்தானே எடுபடும்.

4

இசக்கித்தாய் முத்தை முந்தானையில் துடைத்து, முன்பல்லில் ஒருமுறை தேய்த்தாள். வாசலில் நின்ற மருமகளைப் பார்த்தாள். இன்னொருமுறை தேய்த்தாள். அவள் கண்களில் அப்போது…

(கண்ணில் என்ன இருந்தது என்று எழுதினால் அதையும் நம்பிவிடுவீர்கள்.)

“நல்ல முத்துதான். ஏளா, கெளம்பு. வீட்டுக்குப் போவோம்.”

நறநறத்ததா, வழுக்கியதா? அவள் பல்லில் பட்டது எனக்கு எப்படித் தெரியும்? சரண்யாதேவி அழுதுகொண்டே அந்தக் கம்மலை மாட்டிக்கொண்டு மாமியாருடன் பஸ் ஏறினாள். இன்னும் சந்தேகம் இருந்தால், உங்களுக்குத்தான் சொந்தப் பல் இருக்கிறதே, நீங்களே போய் அந்தப் பெண்ணிடம் கம்மலைக் கழற்றச் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.