மருந்தடிக்காத காய்

கேட்டுவிட்டுச் செய்தால் என்ன குறைந்தா போய்விடுவார்? இந்த மனுஷனுக்குக் கை ஏன் இப்படித் துறுதுறுக்கிறது?

வேலை முடிந்து வந்ததும் வராததுமாகப் பின்வாசலுக்குப் போனவளுக்கு மூக்கு எரிந்தது. அவரைப் பந்தல் முழுக்க மருந்து வாடை. இலைகளின் அடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகள் செத்து ஒட்டியிருந்தன. அவை போனால் போகட்டும். அவற்றைத் தின்ன வந்த பொறிவண்டுக் குஞ்சுகளும் மண்ணில் சுருண்டு கிடந்தன. கறுப்பும் ஆரஞ்சுமாக, முள் முள்ளாக, பார்க்கச் சகிக்காத குஞ்சுகள். அவை வந்த பிறகு சோப்புத் தண்ணீரைக்கூடத் தெளிக்காமல் பொறுத்திருந்தாள். காலையில் இலையைத் திருப்பி அவற்றைப் பார்க்கும் நேரம்தான் அந்த வீட்டில் யாரும் அவளிடம் எதையும் கேட்காத நேரம்.

கணவன் கையைத் துடைத்தபடி வந்தான். "பாத்தியா? நீ பூச்சிகிட்ட கெஞ்சிக்கிட்டு இருந்தே. ஒரே அடி, எல்லாம் காலி."

"அதுல நல்லதும் இருக்குன்னு சொன்னேன்ல?"

"பூச்சில என்ன நல்லது? மூஞ்சியப் பாத்தாலே தெரியல?" சிரித்துவிட்டு, ஒரு துணிப்பையை அவள் கையில் திணித்தான். "தங்கச்சி கிளம்புறா. நாலு காய் பறிச்சுப் போடு."

"இப்பதானே அடிச்சீங்க! அவ குழந்தைக்கு மசிச்சு ஊட்டப்போறா."

"மெதுவா பேசு. கழுவினா போயிடும். மருந்தே அடிக்காத காய்னு இப்பதான் அவகிட்ட சொல்லிட்டு வர்றேன். என் மானத்த வாங்காத."

அவன் மானம். அவள் வளர்த்த செடியை வைத்துத் தங்கையிடம் பெருமை பேச ஒரு வாய். அதே செடியில் விஷம் அடிக்க ஒரு கை. கத்தினால் 'வேலையில ஏதோ டென்ஷன்' என்று தங்கையிடம் சிரித்து மழுப்புவான். எத்தனை முறை பார்த்தாயிற்று.

நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணி, கடைக் காய்னா பயமா இருக்கு. உங்க காய்னா கண்ண மூடிட்டு ஊட்டலாம்."

குழந்தை தொங்கிய கொத்தை எட்டிப் பிடிக்கப் போனது. அந்தச் சின்னக் கையை அவள் மெல்ல விலக்கினாள்.

"என்ன நின்னுக்கிட்டு இருக்கே? பறி" என்றான் அவன்.

"பறிக்க மாட்டேன்." குரல் உயரவில்லை. பையைப் பந்தல் கம்பில் மாட்டினாள். "மருந்தடிச்சிருக்கு."

நாத்தனார் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பந்தல் கம்பில் வெறும் பை காற்றில் உப்பி உப்பி அடங்கியது.