வக்கீலம்மாவின் பில்

1

ஏழாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். அரசாங்கம் வக்கீலம்மாவுக்குத் தர வேண்டிய பாக்கி. அது நின்றுபோனது என்னால். இந்தக் கதை பிறந்ததும் அதனால்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கிடங்குச் சுவரில் வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்த...' வேண்டாம். வெயிலுக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை.

2

மூட்டை தூக்குகிறவன் ஒருவன். நான்தான். 'அவன்' என்று எழுதினால் கூச்சம் குறைகிறது.

ஒன்பது சர்க்கரை மூட்டை காணாமல் போனதற்கு அவனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். வக்கீல் வைக்கக் காசில்லை. கோர்ட்டே ஒருவரை நியமித்தது. அவரை ஏற்றுக்கொள்ளும் தாளில் அவன் பெருவிரலைப் பதித்தான்.

"காசில்லாம வர்ற வக்கீல் ஏனோதானோன்னுதான் பார்ப்பாங்க" என்றாள் மனைவி, அவர் காதுபடவே.

"முந்நூறு கேஸ் இருக்கும்மா, பேரு மறந்தாலும் மறப்பேன். கேஸை மறக்க மாட்டேன்" என்றார் வக்கீலம்மா.

ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். பிறகு பதினான்கு வாய்தா. (இங்கே ஒரு பக்கத்தை அடித்துவிட்டேன். காத்திருந்ததை எழுதினால் நீங்களும் காத்திருக்க வேண்டிவரும்.) கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்துதான் மனைவி அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாள், வாய்தா சீட்டின் பின்பக்கத்தில்.

வக்கீலம்மா சொந்தக் காசில் பஸ் ஏறிப்போய், இன்னொரு கிடங்கின் வாசல் பதிவேட்டை நகல் எடுத்து வந்தார். மூட்டை போன அன்று அவன் அங்கே லாரிக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருந்தது அதில் இருந்தது. விடுதலை.

3

வழக்கை நடத்திக்கொடுத்தார் என்று கட்சிக்காரன் ஒப்பமிட்டால்தான் வக்கீலின் பில் பாஸாகும். அவன் வாழ்நாளின் முதல் கையெழுத்தைப் போட்டான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே விரலை மையில வச்சே, தொலைச்சுடுவேன்" என்றாள். சத்தியமும் வாங்கினாள்.

பில் திரும்பி வந்தது.

"வக்கீலை ஏத்துக்கிட்ட தாள்ல கைநாட்டு, இங்க கையெழுத்து. ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படிய்யா நம்புறது?" என்றார் குமாஸ்தா.

"நடுவுல படிச்சேங்க."

"அதுக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்லையே. விரலை வச்சாத்தான் பாஸாகும்."

[ஒரு குறிப்பு: வழக்குக்கு ஒரே தொகை, அதுவும் முடிந்த பிறகு. நகலுக்கும் பஸ்ஸுக்கும் இப்படி வரும் வக்கீல்களின் கைக்காசு. மாதாமாதம் கொடுத்தால் என்ன? முந்நூறு கேஸை நூறாக்கினால் என்ன? கோபமாக எழுதப் பார்த்தேன், வரவில்லை. எனக்குக் கிடைத்தது இன்னொருத்தனுக்கும் கிடைக்கட்டும், அவ்வளவுதான்.]

4

முடிவு ஒன்று: குமாஸ்தா மனமிரங்கிப் பாஸ் செய்கிறார். ("எந்த ஊர்ல?" என்று மனைவி சிரித்தாள்.)

முடிவு இரண்டு: அவன் மேஜையை ஓங்கித்... (அவன் அப்படிப்பட்டவனில்லை.)

முடிவு மூன்று: "போனா போகுது, விடுங்க. கஷ்டப்பட்டு படிச்ச ஆளு, திரும்ப விரல் வைக்க வேண்டாம்" என்கிறார் வக்கீலம்மா. இது உண்மையில் சொன்னதுதான். சொல்லும்போது அறுந்த பைவாரில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தார்.

5

மறுநாள் அவன் தனியாகக் குமாஸ்தாவிடம் போனான்.

"வைக்கிறேங்க. ஆனா கையெழுத்தை அடிக்கக் கூடாது. பக்கத்துலயே வைக்கிறேன்."

வைத்தான். குமாஸ்தா பழைய தாளைப் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தார். "அதே ஆளுதான்யா" என்று மை துடைக்கத் தன் கைக்குட்டையை நீட்டினார்.

மூன்றாம் வாரம் பணம் முழுதாக வக்கீலம்மா கைக்கு வந்தது. பாக்கி தீர்ந்தது.

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் மனைவி. விரல் வைத்த விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. இந்தத் தாள் உங்கள் கைக்கு வந்திருந்தால், அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம். என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.