ஆலனுக்காக மூன்று நாள்

ஜம்பு வேலை பார்த்த கம்பெனி 2002இல் மூடப்பட்டபோது, கூட இருந்தவர்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போனார்கள். அவன் அந்த மராட்டிய நகரத்தில், கோந்த்வா பகுதியில், நாலாவது மாடி வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு, இணையத்தில் கிடைத்த சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய ஆரம்பித்தான். அதே ஊரில் கடக்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, ஓய்வுபெற்று அம்மாவோடு ஆரணிக்குப் போயிருந்தார். "அங்க தனியா இன்னாடா பண்ற?" என்று அம்மா ஞாயிறுதோறும் போனில் கேட்பாள். "வேலதாம்மா" என்பான்.

அந்த வேலைகளில் நிலைத்தது ஒன்று. நியூசிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ஆலன் என்பவர் கம்பளி நூல் கடை வைத்திருந்தார். தபாலில் நூல் விற்க அவருக்கு ஒரு வெப்சைட் வேண்டியிருந்தது. ஜம்பு அதைக் கட்டிக்கொடுத்து, நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டும் வந்தான். அங்கே பொழுது நமக்கு முன்னாலேயே ஓடிவிடும். ஆகவே இவன் விடியுமுன் எழுந்து, பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடித்துவிடுவான். அதற்குப் பிறகு மத்தியானம் என்று ஒன்று கிடந்தது. அதை என்ன செய்வதென்று அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

முதல் வருடம் லுங்கியோடு மேசையில் உட்கார்ந்தான். ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். குளித்து, சட்டையை இன் பண்ணி, ஷூ மாட்டி, வீட்டைப் பூட்டிக்கொண்டு கேட் வரை இறங்கிப்போய்த் திரும்பி ஏறி வருவான். ஆபீஸ் வந்தாயிற்று. வாட்ச்மேன் கொஞ்ச நாள் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார். அதுதான் ஜம்புவுக்கு என்னவோ போலிருந்தது.

ஆலனின் மெயில் எப்போதும் வானிலையில் தொடங்கும். காலையிலிருந்து தூறல், அங்கே எப்படி என்று கேட்பார். ஜம்பு பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் எழுதுவான். நீ சரிசெய்த பக்கத்தில் இன்று ஒருத்தி பதினாறு நூல் உருண்டை வாங்கினாள் என்று ஒருமுறை எழுதியிருந்தார். அன்றைக்கு ஜம்பு இன்னும் நாலு மணி நேரம் சேர்த்து வேலை பார்த்தான்.

2006 ஆகஸ்டில் எட்டு நாள் மெயில் வரவில்லை. ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, அவர் முகவரியிலிருந்து ஒன்று வந்தது. எழுதியது அவர் மகள். அப்பா கடையிலேயே மாரடைப்பில் இறந்துவிட்டார், கடையை மூடுகிறோம், மாதக் கடைசியில் வெப்சைட்டை எடுத்துவிடுங்கள். நாலே வரி.

படித்து முடித்தபோது கரண்ட் போனது. வியாழன் அந்தப் பக்கம் மின்வெட்டு நாள். காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான்.

எதிர்வீட்டு மும்தாஜும் கதவைத் திறந்து வைத்திருந்தாள். ஆம்பூர்க்காரி. கணவர் காசிமுக்குக் கேம்ப் கடைத்தெருவில் தோல்பைக் கடை. படியில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அதற்கு மேல் பழக்கமில்லை.

"இன்னா தம்பி, ஒடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. தெரிஞ்சவர் ஒருத்தர் தவறிட்டார்."

தன் குரல் கரகரப்பதை ஜம்பு கவனித்தான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் வாய் திறந்து பேசியது அப்போதுதான்.

"சொந்தமா?"

"இல்ல. கூட வேல பாத்தவர். நாலு வருசம்."

"எங்க?"

"நியூசிலாந்துல. நான் பாத்ததில்ல. பேசுனதும் இல்ல, எல்லாம் எழுத்துலதான்." சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

மும்தாஜ் எழுந்து அவன் வாசலுக்கு வந்தாள்.

"நாலு வருசம்னு சொல்றியே" என்றாள். "மூணு நாளிக்கி அடுப்பு பத்த வெக்காத. சாவு ஊட்ல ஒல வெக்கக் கூடாது. நான் எடுத்தாந்து குடுக்கறேன்."

"அதெல்லாம் எதுக்குக்கா? அவர் எனக்கு..."

"ஒனக்குத் துக்கமா இருக்குதா இல்லியா?"

தலையை மட்டும் ஆட்டினான். கண் நிறைந்துவிட்டது.

மூன்று நாளும் சாப்பாடு வந்தது. மூன்றாம் நாள் காசிமே தூக்குச் சட்டியோடு வந்து உட்கார்ந்தார். "எப்படிப்பட்ட மனுசன்?" என்று கேட்டார். ஜம்பு தூறலைச் சொன்னான், பதினாறு உருண்டையைச் சொன்னான். ஒரு மணி நேரம் நிற்காமல் பேசினான். காசிம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, "கடப்பக்கம் வாங்க தம்பி, பின்னால ஒரு மேச சும்மாதான் கெடக்குது" என்றார்.

உங்கள் அப்பாவுக்காக இங்கே ஒரு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை என்று மகளுக்கு எழுதினான். அவள் ஒரு படம் அனுப்பினாள். ஒல்லியான, நரைத்த ஒருவரை அவன் மனதில் வைத்திருந்தான். படத்தில் இருந்தவர் தடித்து, செந்தாடியோடு, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். மும்தாஜிடம் காட்டினான்.

"நல்லா சாப்புடற ஆளு போல" என்றாள்.

மாதக் கடைசியில் வெப்சைட்டை எடுத்தான். வேறு வேலைகள் வந்தன. அவற்றுக்கான மெயில்களில் வேலை மட்டும்தான் இருந்தது, வானிலை இல்லை. பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் காசிமின் கடைக்குப் போனான். தையல் மெஷின் இரைச்சலில் அங்கே பாதி வேலைதான் நடக்கும். மற்ற நாட்கள் முன்போலத்தான் இருந்தன. ஆனாலும் அந்த இரண்டு நாளை அவன் தவறவிடவில்லை.