தபுதாரன் பழனியாண்டி

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீடொன்றில் குடியிருந்து மீனம்மா கொழுந்து பறிக்கிறாள். புருஷன் மஞ்சள்காமாலையில் போய் ஆறு வருஷமாகிறது. அதை அவள் மறந்துவிடாதபடி தோட்டத்து நலன்புரிச் சங்கத் தலைவர் பழனியாண்டி பார்த்துக்கொண்டார். சங்கத்தில் எதைக் கொடுத்தாலும் ஒலிபெருக்கியில் "விதவை மீனம்மா" என்றுதான் கூப்பிடுவார். கெட்ட எண்ணம் கிடையாது. பட்டியலில் அப்படி இருந்தது. அவர் அதைக் கொஞ்சம் அழுத்தி வாசித்தார், அவ்வளவுதான்.

சங்கம் தண்ணீர் பிடித்துவைக்கும் தாங்கி கொடுத்த அன்று விழாவுக்கு சிவராசா சேரும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவர். மீனம்மா அவரிடம் போய் விதவை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். அந்த வருஷம் பிள்ளைகள் யாரும் அவரிடம் ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் கேட்டிருக்கவில்லை. கையிலிருந்த தேநீரை ஆறவிட்டுச் சொன்னார். அது வடமொழியாம். 'வி' என்றால் இல்லாத, 'தவ' என்றால் கணவன் என்று பிரிப்பார்களாம். இல்லை, வெறுமையாய்ப் போனவள் என்பதுதான் வேர் என்று சொல்பவர்களும் உண்டாம். தமிழில் கைம்பெண், அந்தக் 'கை'க்குச் சிறுமை என்றும் தனிமை என்றும் பொருள் சொல்கிறார்களாம்.

மீனம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பொண்டாட்டி செத்த ஆம்பளைக்கு என்னாங்க சேர் பேரு?" என்றாள்.

சேரின் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. தபுதாரன். தபுதல் எண்டால் சாகிறது, தாரம் எண்டால் மனைவி. பழைய சொல். இப்ப ஒருத்தரும் பாவிக்கிறேல்லை."

பழனியாண்டியின் மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த கூட்டத்தில் நன்றியுரை சொல்ல மீனம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். "எங்கள் தபுதாரன் பழனியாண்டி ஐயா அவர்களுக்கு" என்று அவள் கணீரென்று தொடங்கியதும் கூட்டம் கைதட்டியது. தலைவர் நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டார். பிறகு அது என்ன சொல் என்று விசாரித்தபோது, பழைய தமிழ்ச் சொல், தோட்டத்தில் உங்களுக்கு ரொம்பப் பொருந்துகிறது என்றாள். அதில் ஒன்றும் பொய்யில்லை.

அந்த வாரமே தொழிற்சாலை ரோட்டு வளைவில் பெரிய பதாகை ஏறியது. 'தபுதாரன் பழனியாண்டி அவர்களின் தலைமையில் கோவில் திருவிழா.' மீனம்மாவோடு கொழுந்து பறிக்கும், விஷயம் தெரிந்த சுதர்ஷினியால் காலையில் பறிக்க மலைக்குப் போகும்போது அந்த வளைவைச் சிரிக்காமல் தாண்ட முடியவில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போனது. பிறகு சிவராசா சேர் பதாகையைப் பார்த்தார். உருகிப் போனார். நேரே பழனியாண்டியிடம் சென்று, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மனைவியை இழந்த துயரத்தை இவ்வளவு நல்ல தமிழில் ஊருக்கே அறிவித்த ஒருவரைத் தான் கண்டதில்லை என்றார்.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பழனியாண்டி வந்தார். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மீனம்மாவுக்குக் கொஞ்சம் பயம்தான்.

"ஒன்னையத் திட்டத்தான் வந்தேன்" என்றார். "ரெண்டு வாரமா நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தேன், மீனம்மா. நேத்து அவரு அர்த்தம் சொன்னதும் சுருக்குன்னு ஆயிருச்சு. மைக்குல கேக்கிறப்ப ஒனக்கும் அப்படித்தான் இருக்குமா?"

"ஆறு வருசமா அப்படித்தாங்க இருக்கு" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். பிறகு எதை நினைத்தாரோ, சிரித்துவிட்டார். அதற்காகவே காத்திருந்ததுபோல் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து சங்கத்தில் கம்பளி கொடுத்தபோது அவர் வெறும் பெயர்களை மட்டும் வாசித்தார். "லெட்சுமி" என்றதும் மூன்று பேர் எழுந்து வந்தார்கள். அதில் ஒருத்தியின் புருஷன் பின்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். பழனியாண்டி பட்டியலைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கடைசியில் மீனம்மாவைப் பார்த்தார்.

"அஞ்சாம் நம்பர் லயத்து லெட்சுமின்னு கூப்புடுங்க" என்றாள் அவள்.

அவர் அப்படியே வாசித்தார்.