கடைசியாக நோயாளிக்கு

கொதிநீரிலிருந்து டம்ளரைக் கரண்டியால் தூக்கி எடுத்து, மற்றவற்றோடு சேராமல் ஜன்னல் கட்டையில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள் எப்சிபா. அது பாக்கியநாதனுடையது. அவர் காய்ச்சலில் படுத்த நாளிலிருந்து அதற்கு அந்த இடம்தான். கணவன் வாய் வைத்ததைக் கொதிக்கவைக்கிறோமே என்று முதல் நாள் அழுதாள். இப்போது அழுவதற்கு நேரமில்லை.

தெருவுக்கு எதிர்ப்பக்கம், மரத்தடியில், வேலு இன்னும் நின்றுகொண்டிருந்தான். காலையில் வந்தவன். காலடியில் ஒரு குலை இளநீர். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை, போகவும் இல்லை. இடையிடையே வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். அந்த இருமல் கேட்கும்போதெல்லாம் எப்சிபாவுக்கு வயிறு எரிந்தது.

பின்தெருவில் சீனரின் சவப்பெட்டிக் கடையில் சுத்தியல் நிற்காமல் அடித்தது. பினாங்கில் அந்த 1918-ஆம் வருஷத்து விஷக்காய்ச்சலில், பெட்டி செய்வதைவிட வேகமாக மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த மாதம் அது. ஐரோப்பாவில் சண்டை முடியப்போகிறது என்று ஒரு பக்கம் பேச்சு. இங்கே பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டார்கள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்கூடப் பாய் விரிக்க இடமில்லை.

"எப்சி..."

ஓடினாள். தலையணையை அடுக்கி அவரைச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. உதடு நாவற்பழம் தின்றவர் உதடு போல இருந்தது. நேற்று வரை அது சிவப்பாகத்தான் இருந்தது.

"அந்த அடி... வாத்தியாருக்கா?"

"எந்த அடிங்க?"

"பெட்டி அடிக்கிறான்ல."

"வாத்தியாருக்கு என்ன? மேலுக்குக் கொஞ்சம் முடியல, அவ்வளவுதான். கஞ்சி குடிச்சிட்டு ஒக்காந்திருக்காராம்."

மாசிலாமணி வாத்தியாரைப் புதன்கிழமையே புதைத்தாகிவிட்டது. பொய் இவ்வளவு சுலபமாக வருமென்று எப்சிபா நினைத்ததில்லை. பாக்கியநாதன் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாம் முந்தின வாரத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

அவர்கள் கோயிலில் வெள்ளைக்காரர்களின் ஆராதனை காலையில் முடிந்துவிடும்; தமிழ் ஆராதனை சாயங்காலம். யார் வந்தாலும் இடம் உண்டு, வாசலில் நீ என்ன ஆள் என்று கேட்பதில்லை என்பதில் தமிழ்ச் சபைக்குப் பெருமை. ஆனால் அந்தப் பெருமை தானாக வரவில்லை. ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு சாதியையும் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். நற்கருணைக்குப் போகும்போது இன்ன வீட்டார் முதலில், இன்னார் கடைசியில் என்று ஒரு வரிசை, யாரும் சொல்லாமலே இருந்தது. திராட்சரசம் குடிக்கிற பாத்திரம் ஒன்றுதான், யார் வாய்க்குப் பிறகு யார் வாய் என்பதுதான் வம்பு. துறைமுக ஜெட்டியில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் கிராணியான பாக்கியநாதன் சபை மூப்பராக வந்த வருஷம் அதை ஒழித்தார். சண்டை போட்டெல்லாம் இல்லை. கையில் கிடைத்த ஆளை முன்னால் தள்ளிவிட்டுத் தான் பின்னால் போய் முழங்கால் போடுவார், அவ்வளவுதான்.

வேலு நகராட்சியில் சாக்கடை கூட்டுகிறவன். பட்டணத்துக்கு வெளியே ஜெலுத்தோங்கில் குடிசை. ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்ற வேண்டுமா என்று அவன் கேட்டதற்கு, "வேலுங்கிற பேரு ஆண்டவருக்கு வாயில நுழையாதா என்ன?" என்று சிரித்தவரும் பாக்கியநாதன்தான்.

அந்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க வேலு இருமினான். ஊருக்குள் காய்ச்சல் வந்துவிட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். நற்கருணைக்கு எழுந்தபோது அவன் போய்ப் பீடத்தின் கிராதியோரம் முழங்கால் போட்டான். அவனுக்குப் பக்கத்தில் யாரும் போகவில்லை. சபை முழுவதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. காய்ச்சலுக்குப் பயந்தார்களா, பழைய புத்திக்குக் காய்ச்சல் ஒரு சாக்காகக் கிடைத்ததா? அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கே அது தெரிந்திருக்காது. எப்சிபா பயந்தாள். அது காய்ச்சலுக்குத்தான் என்று சத்தியம் செய்வாள். ஆனால் யாரும் கேட்கவில்லை.

பாக்கியநாதன் எழுந்தார். பெண்கள் பக்கமிருந்து அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய், வேலுவின் தோள் இடிக்க முழங்கால் போட்டு, அவன் குடித்த பாத்திரத்தில் குடித்தார். அவருக்குப் பின்னால் மாசிலாமணி வாத்தியார் எழுந்தார்.

"அவன் இருமுறது உங்களுக்குக் கேக்கலையா?" என்று வீட்டுக்கு வந்ததும் கத்தினாள்.

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"ஒதுங்கினா, நோய்க்கு ஒதுங்குறோம்னு அவனுக்கு எப்படித் தெரியும், எப்சி? அவனுக்கு இதுவரைக்கும் ஒரே காரணத்துக்காகத்தானே எல்லாரும் ஒதுங்கியிருக்காங்க."

வேலு நான்கைந்து நாளில் எழுந்துவிட்டான், இருமல் மட்டும் மிச்சம். அவர்தான் எழவில்லை.

பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டு ஹபீபா பீவி கஞ்சிச் சட்டியோடு வந்தாள். மூக்கைச் சுற்றி முக்காட்டை இழுத்துக் கட்டியிருந்தாள். பயந்துகொண்டேதான் வந்தாள், ஆனாலும் தினம் வந்தாள்.

"தங்கச்சி, ரெண்டு வாய் குடி லா. நீயும் விழுந்துட்டா யாரு பாக்குறது?" பிறகு தெருப்பக்கம் தலையைச் சாய்த்தாள். "அந்த ஆளு வெயில்ல நிக்கிறானே."

"நிக்கட்டும்."

"பாவம் லா."

"அவன் குடுத்த சீக்குதான் அக்கா இது."

ஹபீபா பீவி சட்டியை இறக்கிவைத்தாள். "உன் மாப்பிள்ளை தெனம் ஜெட்டியில கப்பல்காரங்க மத்தியில நிக்கிறவரு. அவங்கள்ல பாதிப் பேரைத் தூக்கிட்டுத்தான் எறக்குனாங்க. எங்க வீட்டு ஆளு பாத்துட்டு வந்து சொன்னாரு. யாருகிட்ட வாங்கினாருன்னு யாருக்குத் தெரியும்?"

எப்சிபா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். கப்பல்காரர்களுக்கு முகம் கிடையாது. வேலுவுக்கு முகம் இருந்தது, அதுவும் கண்ணெதிரே மரத்தடியில்.

மதியத்துக்கு மேல் குருவானவர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கையில் சிறு தோல்பை. இந்த மாதத்தில் பத்து வயது கூடிவிட்டவர் போலிருந்தார். பாக்கியநாதனின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எப்சிபாவை முன்னறைக்குக் கூட்டிவந்தார்.

"நற்கருணை வேணும்னு கேட்டாராம்மா?"

"காலையிலேர்ந்து அதைத்தான் கேக்குறாரு, ஐயா."

"முறைப்படி நோயாளியோட சேர்ந்து எடுக்க இன்னும் ரெண்டு பேராவது வேணும். நீங்க ஒருத்தர். உபதேசியாரை வீடு வீடா அனுப்பினேன்." அவர் நிறுத்தினார். "எல்லா வீட்டுலயும் ஒரு காரணம் இருக்கு. குத்தம் சொல்ல முடியாதும்மா."

"அப்ப என்ன செய்யறது?"

"அதுக்கும் ஜெபப் புத்தகத்துல வழி சொல்லியிருக்கு. கொள்ளைநோய்க் காலத்துல, சபையில ஒருத்தரும் வரப் பயந்தா, குருவானவர் மட்டும் சேர்ந்து எடுத்தாப் போதும். வரிசைகூட உண்டு. முதல்ல நான், அப்புறம் கூட இருக்கறவங்க, கடைசியாத்தான் நோயாளிக்கு. அதனால நீங்க எடுத்தாலும் பயமில்ல."

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளிருந்து பாக்கியநாதனின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"ஒருத்தரும்... வரலையா?"

குருவானவர் தலையைக் குனிந்துகொண்டார். பாத்திரத்தைச் சுற்றி எல்லாரையும் கூட்டிச் சேர்ப்பதைத் தவிர இந்த மனுஷன் சபைக்கு வேறொன்றும் செய்ததில்லை. அவருக்கா ஒருத்தரும் வரவில்லை என்ற விதியின்படி பாத்திரம் கொடுப்பது? ஒருத்தரும் வரலை என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது; வீட்டுக்குள் யாரும் வரவில்லைதான். இன்று ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

தெருவில் அந்த இருமல் கேட்டது.

பாக்கியநாதன் கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்குக் காலையிலிருந்தே அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் அவனைக் கூப்பிடு என்று அவர் சொல்லவில்லை. அவளைத்தான் பார்த்தார். அன்று கோயிலில் அவள் தலையாட்டியபோது பார்த்த அதே பார்வை.

எப்சிபா வாசலுக்குப் போனாள். "வேலு," என்றாள். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அவன் இளநீர்க் குலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டான்.

"இதைக் குடுத்துட்டுப் போயிறேம்மா. உள்ள வரல."

"உள்ள வா. ஐயா நற்கருணை குடுக்கப்போறாரு. ஒரு ஆள் கொறையுது."

"நான் வேணாம்மா. என்னாலதான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. நானே அப்படித்தான் நெனைக்கிறேன். வாத்தியாரையும்..."

"மெதுவா. அவருக்கு அது தெரியாது." அவள் ஓரமாக நகர்ந்து வழி விட்டாள். "வா."

கட்டிலருகே சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்தார் குருவானவர். பின்தெருச் சுத்தியலோடு போட்டி போட்டுக்கொண்டு ஜெபத்தை வாசித்தார். பாத்திரம் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அவர் எடுத்துவிட்டு வேலுவின் பக்கம் திரும்பினார். வேலு பின்வாங்கினான்.

"அம்மா முதல்ல எடுக்கட்டும், ஐயா," என்றான். பிறகு அவளிடம், கெஞ்சுகிற மாதிரி, "எனக்கு முன்னாடி எடுத்துக்குங்கம்மா. அதுக்கப்புறம் நான் எடுத்துக்கறேன்."

அவள் பயந்தாள். இது காய்ச்சல் பயம்தானா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். சத்தியம் செய்ய முடியவில்லை. கட்டிலைப் பார்த்தாள். பாக்கியநாதனின் கண் பாத்திரத்தின் மேலேயே இருந்தது.

"நீ எடு," என்றாள்.

வேலு எடுத்தான். அவன் வாய் வைத்த இடம் ஈரமாகப் பளபளத்தது. எப்சிபா அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தாள். திராட்சரசம் தொண்டையில் சூடாக இறங்கியது. அது எங்கெல்லாம் போகிறதென்று அவள் உடம்பு கவனித்துக்கொண்டே இருந்தது.

கடைசியாக நோயாளிக்கு. அவரால் விழுங்க முடியாது என்று குருவானவர் கரண்டியில் நனைத்து உதட்டில் தடவினார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

"யாரு... பக்கத்துல?"

"நான்தாங்க. அப்புறம் வேலு."

"அப்பச் சரி," என்றார் பாக்கியநாதன்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சாயங்கால வெயில் சுவரை விட்டு இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. குருவானவர் கண்களை மூடிவிட்டார். ஹபீபா பீவி வாசலில் நின்று தன் வழக்கப்படி ஏதோ ஓதினாள். எப்சிபா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தலையாட்டியதற்கு, பொய் சொன்னதற்கு, அவர் தன்னை விட்டுப் போனதற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள்.

பெட்டிக்குச் சொல்லிவிட்டு வர வேலுதான் பின்தெருவுக்குப் போனான். திரும்பி வந்து, "இப்பவே ஆரம்பிக்கிறாராம்மா," என்றான். நாள் முழுக்க நின்றதிலும் வெயிலிலும் உதடு வெடித்திருந்தது. "கொஞ்சம் தண்ணி."

எப்சிபா எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஜன்னல் கட்டையில் தனியாகக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்துப் பானையில் மொண்டு வந்து நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, எப்போதும் அந்த வீட்டில் குடிக்கிற மாதிரி, டம்ளர் வாயில் படாமல் உயரத் தூக்கினான்.

"வாய் வச்சுக் குடி, வேலு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு வாய் வைத்துக் குடித்தான். பாதியில் புரையேறி இருமினான்.

பின்தெருவில் சுத்தியல் தொடங்கியது. எப்சிபா டம்ளரை வாங்கி, தண்ணீரில் அலசி, மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள்.