சைட்டில் ஒட்ட வேண்டிய இடம்

1

இந்தக் கதைக்கு மூலம் என் வீட்டு கேட். அதன் கொண்டி பிய்ந்துபோனதால், மதகடிப்பட்டில் ஆசிபாவும் அவர் கணவர் மாலிக்கும் நடத்தும் வெல்டிங் கடைக்குப் போனேன். கேட்டை மறந்துவிட்டுக் கதையோடு திரும்பினேன். என் மனைவி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘தீப்பொறிகள் மத்தாப்பாய்ச் சிதற, மாலிக்…’

வேண்டாம். வெல்டிங் என்றாலே எழுதுகிறவன் கண்ணுக்குத் தீப்பொறிதான் தெரியும். அன்று நான் பார்த்தது, ஒரு பெண் வரைபடம் வாசித்ததை. [இதுவா கதை என்று கொட்டாவி விடாதீர்கள். பொறுங்கள்.]

3

சோரியாங்குப்பத்து உலகநாதன் வீட்டுக்கு இரும்பு மாடிப்படி. அவர் மனைவி மஞ்சுளாவுக்கு நடக்க வராது. போன வெள்ளத்தில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார் உலகநாதன். தென்பெண்ணை மறுபடி ஊருக்குள் வந்தால் மனைவியை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப்போக வேண்டும். அதற்குத்தான் இந்தப் படி.

வீட்டு பீமில் போல்ட் போட்டு மாட்ட வேண்டிய மேல்முனைத் தகட்டை, மாலிக் கடையிலேயே படியோடு ஒட்டி முடித்திருந்தார். ஆசிபா வரைபடத்தை விரித்தார், தகட்டைப் பார்த்தார்.

“வெல்டு சூப்பரா கீது. அறுத்துடுங்க.”

“இன்னாது?”

“இங்க பாருங்க, அம்புக்குறிகிட்ட குட்டியா ஒரு கொடி.”

“கொடி கீது. அதுக்கு இன்னா, மிட்டாய் குடுக்கணுமா?”

“சைட்ல போய் ஒட்டணும்னு அர்த்தம். அவங்க வூட்டு பீம் சாஞ்சிருந்தா இந்தத் தகடு ஒக்காராது. நீங்க போல்ட்ட இறுக்கி ஒக்கார வெப்பீங்க. அந்தக்காவைத் தூக்கினு ஏறும்போது வெல்டு விட்டுடும்.”

4

இந்த இடத்தில் மாலிக்கைக் கத்தவிட்டுப் பார்த்தேன். [‘நீ யாருடி எனக்கு…’] ஒட்டவில்லை. அவர் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். “கவனிக்காம வுட்டுட்டேன்” என்றார். கட்டிங் மெஷினை எடுத்துவிட்டார்.

தான் போட்ட அழகான வெல்டைத் தானே அறுக்கிற மனுஷன்! என்னிடம் ஓர் அடைமொழியை வெட்டச் சொன்னால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். இருவர் மேலும் மரியாதை வந்தது, கொஞ்சம் பொறாமையும்தான்.*

* ஆசிபா எந்த வரைபடத்தையும் இரண்டு முறை வாசிப்பார். முதல் முறை என்ன செய்வதென்று. அடுத்த முறை எதை இப்போது செய்யக் கூடாதென்று.

5

சோரியாங்குப்பத்துக்கு நானும் கூடப் போனேன். பீம் சாய்ந்துதான் இருந்தது. தகட்டை முதலில் பீமில் முடுக்கி, படியின் நுனியை அந்தச் சாய்வுக்குத் தேய்த்து, மாலிக் அங்கேயே ஒட்டினார்.

முடிவு ஒன்று: வெள்ளம் வருகிறது, படி தாங்குகிறது. அடித்துவிட்டேன். படியின் பலத்தைக் காட்ட ஓர் ஊரையே மூழ்கடிப்பதா?

முடிவு இரண்டு: மஞ்சுளா மாடியில் நின்றுகொண்டு… அவரால் நிற்க முடியாது. என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

6

மஞ்சுளா நாற்காலியில் உட்கார்ந்து படியை அண்ணாந்து பார்க்கிறார்.

“தாங்குமாம்மா?”

“தாங்கும்க்கா. நானும் கூடத்தான ஏறுறேன்.”

நாற்காலியின் முன்பக்கத்தை மாலிக்கும் ஆசிபாவும் பிடித்துவிட்டார்கள். பின்னால் ஒரு பக்கம் உலகநாதன். இன்னொரு பக்கத்துக்கு ஆள் இல்லை. எனக்கோ எழுதுகிற கை ஒழியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு நீங்கள் வாருங்கள்.