தலைமுடிக் கோடு

அண்ணி புது லேபிள் ஒட்டிய பாட்டிலை என் ஆய்வு மேசையில் வைத்து, அதன் முகம் எனக்குத் தெரியும்படி திருப்பினாள்.

"நல்லா பாத்துக்கோ. கழிவறை ஆசிட்னு யாராவது சொல்லுவாங்களா?"

சொல்ல மாட்டார்கள். என் பயமே அதுதான்.

அண்ணனின் கம்பெனியில் வேதியியல் படித்தவள் நான் ஒருத்திதான். அண்ணி கல்யாணத்துக்கு முன்பு ஃபேஷன் பத்திரிகைக்கு அட்டை வடிவமைத்தவள். அங்கிருந்து கொண்டுவந்த எழுத்துரு இது. எழுத்தின் கால்கள் தடித்து நிற்கும். அவற்றை இணைக்கும் கோடுகள் தலைமுடி போல மெலிந்திருக்கும். ஒவ்வொரு நுனியிலும் கத்தி முனை போல ஒரு சின்னப் பாதம். கம்பெனியின் பெயர் அந்த எழுத்தில் பாட்டிலின் அகலத்துக்குப் பரவியிருந்தது. அழகாக இருந்தது. அவளை வெறுத்துக்கொண்டே அதை ரசிக்க வேண்டியிருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

கீழே, கடுகளவில், எச்சரிக்கையும் அதே எழுத்தில்: கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவவும். வேறு எதனுடனும் கலக்க வேண்டாம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது லேபிள் வந்தால், பாட்டிலின் கழுத்திலிருந்து ஆசிட்டை அதன்மேல் வழியவிட்டுப் பார்ப்போம். வீட்டில் ஊற்றுகிறவர்களின் கை அப்படித்தான் வழியவிடும். எழுத்து நின்றால் நான் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகே சரக்கு வண்டி ஏறும்.

கையுறை மாட்டிக்கொண்டு வழியவிட்டேன். பெரிய எழுத்து அப்போதைக்குத் தாங்கியது. எச்சரிக்கையில் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. மிஞ்சியவை வரிசையாகக் கறுப்புக் குச்சிகள், ஜன்னல் கம்பி போல.

"பேரு அப்படியே இருக்கட்டும், அண்ணி. எச்சரிக்கைய மட்டும் சாதா எழுத்துல..."

"கண்ணாடி பீரோவுல சாக்குப்பையத் தொங்கவிடச் சொல்ற. ஒரு லேபிள்னா ஒரே எழுத்துதான்." பாட்டிலைப் பார்க்கவே இல்லை அவள். "உன் வயித்தெரிச்சலுக்கு முன்னாடி இந்த ஆசிட்லாம் வெறும் தண்ணி."

அண்ணன் கதவருகே வந்து நின்றான். லேபிள் மொத்தமும் அச்சாகி வந்துவிட்டிருந்தது.

"இவ வேணும்னே நிறைய ஊத்தியிருக்கா," என்றாள் அண்ணி அவனிடம்.

"கையெழுத்தப் போடும்மா," என்றான், என்னைப் பார்க்காமல். "வீட்டுக்குப் போயும் இதே பாட்டு வேணாம்."

எனக்குப் பேச்சு வராது. வந்தாலும் பாதியில் நின்றுவிடும். யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு குளியலறையில், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கண்ணால் இந்தக் குச்சிகளைப் படிக்கப் பார்ப்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பேனாவை எடுத்தேன். அண்ணியின் பக்கம் நீட்டினேன்.

"நீங்களே போடுங்க."

வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை. பாட்டிலின் கழுத்தில் தங்கியிருந்த ஒரு சொட்டு மெதுவாக இறங்கி, கம்பெனி பெயரின் முதல் எழுத்தில், தலைமுடிக் கோட்டின்மேல் வந்து நின்றது. துடைக்கும் துணி மேசையில்தான் கிடந்தது. மூன்று பேரும் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.